பெற்றோருக்குச் செலவு செய்வது யார்? கிழக்கும் மேற்கும் சட்டத்தில் எழுதி வைத்திருப்பது

ஜெர்மனியின் பிரேமன் நகரைச் சேர்ந்த ஒரு முதியவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். கட்டணத்துக்கு அவருடைய வருமானம் போதவில்லை. குறைந்த தொகையை நகரத்தின் சமூக நல அலுவலகம் கட்டியது. பிறகு அதில் சுமார் 9,000 யூரோவைத் திருப்பித் தரும்படி மகனிடம் கேட்டது. மகனுடன் உறவை முறித்துக்கொண்டது அப்பாதான், அதுவும் 1970களின் தொடக்கத்திலேயே. 1998இல் எழுதிய உயிலில், சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பங்குக்கு மேல் மகனுக்கு எதையும் அவர் வைக்கவில்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 பிப்ரவரி 12 அன்று வந்த தீர்ப்பு, மகன் பணத்தைக் கட்ட வேண்டும் என்றது. மகனுக்கு 18 வயது ஆகும்வரை தகப்பன் தன் கடமையைச் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது மகனின் கடமையை நீக்கும் அளவுக்குக் கடுமையான தவறு ஆகாது என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

"மேல்நாட்டில் பெற்றோரைக் கைவிட்டுவிடுவார்கள், நம் பக்கம் குடும்பம்தான் எல்லாம்" என்று பேசுகிறவர்களிடம் இந்த வழக்கைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கிழக்கு, மேற்கு என்று பண்பாட்டைப் பிரித்துப் பேசும்போது முதலில் வந்து விழும் எடுத்துக்காட்டு முதியோர்தான். அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் மீதான அன்பையோ மரியாதையையோ நாடு வாரியாக அளக்க நம்மிடம் நம்பகமான கருவி இல்லை. வயதானவரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் கொடுப்பவர்கள் யார் யார், எந்த வரிசையில் என்பதைச் சட்டத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வரிசையை ஒவ்வொரு நாட்டிலும் அரசியல்வாதிகள் விவாதித்து முடிவு செய்திருக்கிறார்கள், பல முறை மாற்றியும் இருக்கிறார்கள். பண்பாடு என்று நாம் பெயர் வைத்திருக்கும் பலவற்றுக்குக் கீழே இருப்பது இந்த முடிவுதான் என்பது என் வாதம்.

மேற்கின் சட்டங்கள் மிகப் பழையவை. இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம், வசதியுள்ள பிள்ளைகள் ஏழைப் பெற்றோரைத் தம் செலவில் காப்பாற்ற வேண்டும் என்றது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும்கூட இதே போன்ற கடமையை எதிர்த் திசையில் வைத்தது. நோக்கம் வரிப்பணத்தை மிச்சம் பிடிப்பது. உறவினர் கொடுக்காவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் கட்டும் ஏழை வரியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கடமை 1948 வரை நீடித்தது. அந்த ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பொறுப்பைக் கணவன் மனைவிக்கும், பெற்றோர் தம் சிறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்வதற்கும் சுருக்கியது. பிரிட்டனில் பிள்ளைகளின் சட்டக் கடமை ஒழிந்தது நேற்று நடந்தது மாதிரிதான்.

பிரான்ஸ் இன்னும் ஒழிக்கவில்லை. 1804இல் வந்த குடிமைச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, தேவையில் இருக்கும் பெற்றோருக்கும் முன்னோருக்கும் பிள்ளைகள் உதவ வேண்டும் என்கிறது. 206ஆம் பிரிவு மருமகனுக்கும் மருமகளுக்கும்கூட மாமனார் மாமியார் மீது அதே கடமையை வைக்கிறது. இந்திய மூத்த குடிமக்கள் சட்டத்தில் மருமகள், மருமகன் என்ற சொற்களே இல்லை. இரண்டையும் நாட்டின் பெயரை மறைத்துக் கொடுத்தால், கூட்டுக் குடும்ப நாட்டின் சட்டம் எது என்று கேட்பவர்கள் தவறாகத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் இங்கிலாந்துச் சட்டத்தின் வாரிசாக இப்படி ஒரு பிரிவு இன்னும் இருக்கிறது; பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. பென்சில்வேனியாவில் தொட்டார்கள். 2012இல் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், தாய் தங்கியிருந்த பராமரிப்பு இல்லத்தின் பாக்கி சுமார் 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. இங்கே பணம் கேட்டது தாய் அல்ல, தனியார் இல்லம். மற்ற பிள்ளைகளையும் கணவரையும் விட்டு ஒரு மகனை மட்டும் துரத்தலாமா என்ற கேள்விக்கு, சட்டம் அதைத் தடுக்கவில்லை என்பதே பதிலாக இருந்தது.

ஜெர்மனியின் ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் போகும் வரிசை அங்கே தெளிவாகத் தெரிகிறது. முதலில் முதியவரின் சொந்த ஓய்வூதியமும் சேமிப்பும். அடுத்து 1995இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீடு. அதுவும் போதாவிட்டால் சமூக நல அலுவலகம் கட்டும். அலுவலகம் கட்டிய கணத்தில், பிள்ளைகளிடம் கேட்கும் பெற்றோரின் சட்ட உரிமை அலுவலகத்துக்கு மாறிவிடும். ஆக, மகனிடம் பணம் கேட்டு அம்மா நிற்க வேண்டியதில்லை. அலுவலகக் கடிதம் வரும். இதிலும் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைக்குக் கடிதம் போகுமே என்று பயந்து பல முதியவர்கள் உதவியே கேட்காமல் வறுமையில் கிடந்தார்கள். அதைச் சரிசெய்ய 2003இல் முதியோருக்கான அடிப்படை உதவி தனியாக வந்தது. அதற்காகப் பிள்ளைகளைத் தொடக் கூடாது, அவர்கள் மிகுந்த வருமானக்காரர்களாக இருந்தால் தவிர. 2020 ஜனவரி 1 முதல் முதியோர் இல்லச் செலவுக்கும் அதே விதி. ஆண்டு மொத்த வருமானம் 1,00,000 யூரோவைத் தாண்டும் பிள்ளையிடம் மட்டுமே அரசு பணம் கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கணக்கு. கணவன் அல்லது மனைவியின் சம்பளம் சேராது. பிரேமன் வழக்கு இன்று வந்தால், அந்த மகனின் வருமானம் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அவருக்குக் கடிதமே போயிருக்காது. ஆறே ஆண்டுகளில் ஜெர்மானியர்களின் பண்பாடு மாறிவிடவில்லை. கோட்டை வேறு இடத்தில் போட்டார்கள்.

இனி கிழக்கு. "ஆசிய விழுமியங்கள்" என்ற பேச்சு உச்சத்தில் இருந்தது 1990களின் முதல் பாதியில். சிங்கப்பூர் அரசு 1991 ஜனவரியில் பகிரப்பட்ட விழுமியங்கள் என்று ஐந்தை வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்தது: இனத்துக்கு முன் நாடும் தனி நபருக்கு முன் சமூகமும்; சமூகத்தின் அடிப்படை அலகு குடும்பம்; தனி மனிதருக்குச் சமூகத்தின் ஆதரவும் மரியாதையும்; மோதலுக்குப் பதில் இணக்கம்; இன, சமய நல்லிணக்கம். 1994இல் ஓர் அமெரிக்க இதழுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் லீ குவான் யூ, கிழக்கத்தியச் சமூகங்களில் தனி மனிதன் குடும்பத்துக்குள் இருக்கிறான், குடும்பம் செய்ய வேண்டியதை அரசு தன் கையில் எடுக்கக் கூடாது என்று வாதிட்டார். அதே ஆண்டின் இறுதியில் அதே இதழில் கிம் டே ஜுங் மறுப்பு எழுதினார். பின்னாளில் தென் கொரியாவின் அதிபரானவர். சர்வாதிகாரத்தின் சிறையையும் மரண தண்டனைத் தீர்ப்பையும் நேரில் பார்த்தவர். பழங்காலச் சீனச் சிந்தனையாளர் மென்சியசின் சிந்தனையிலேயே ஆள்பவனை அகற்றும் உரிமை மக்களுக்கு உண்டு, ஜனநாயகத்தின் வேர்கள் ஆசியாவிலும் ஆழமாக இருக்கின்றன என்பது அவருடைய வாதம். இரண்டு பேரும் கிழக்கத்தியர்கள். ஒரே கன்பூசிய மரபிலிருந்து எதிரெதிர் அரசியலை எடுத்தார்கள்.

மறு ஆண்டு, 1995 நவம்பரில், சிங்கப்பூர் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் வால்டர் வூன், நாடாளுமன்றத்தின் நியமன உறுப்பினர். அரசு கொண்டுவந்த மசோதா இல்லை. 60 வயது நிறைந்து, தன்னைத் தானே போதுமான அளவு காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் மாதாந்திரத் தொகையோ மொத்தத் தொகையோ கேட்கலாம். 60க்குக் கீழே இருந்தாலும் உடலோ மனமோ முடியாத நிலை என்றால் கேட்கலாம். 1996இல் தனித் தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது. 2010இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதலில் ஆணையரிடம் சமரசப் பேச்சு, அது முறிந்தால்தான் தீர்ப்பாயம். பெற்றோர் அந்தப் பிள்ளையைக் கைவிட்டிருந்தாலோ கொடுமைப்படுத்தியிருந்தாலோ தீர்ப்பாயம் மனுவைத் தள்ளலாம், தொகையைக் குறைக்கலாம். 2023 திருத்தம் இன்னும் ஒரு படி போனது: அப்படிக் கொடுமை செய்த வரலாறு உள்ள பெற்றோர் மனுப் போடுவதற்கே தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்க வேண்டும். பிரேமன் தீர்ப்போடு இதை வைத்துப் பாருங்கள். அப்பாவின் நடத்தையைப் பெரிதாக எடைபோட்டுப் பிள்ளையை விடுவிக்க இடம் கொடுத்தது, குடும்பத்தைத் தேசிய விழுமியமாக அறிவித்த நாடு.

சிங்கப்பூருக்கு ஏன் இந்தச் சட்டம் தேவைப்பட்டது? அன்று அங்கே எல்லோருக்குமான அரசு முதியோர் ஓய்வூதியம் இல்லை. இருந்தது மத்திய சேமநிதி. 1955இல் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. ஒவ்வொருவரும் தன் சம்பளத்திலிருந்து போட்டதும் முதலாளி போட்டதும் தன் கணக்கில் இருக்கும். சம்பளமே வாங்காத இல்லத்தரசிக்கும், குறைந்த கூலிக்கு வேலை செய்தவருக்கும் கணக்கில் போதிய பணம் இருக்காது. அவர்களுக்கு மிஞ்சுவது பிள்ளை. பிள்ளை தரவில்லை என்றால் தீர்ப்பாயம். குறைந்த வருமான முதியோருக்கு அரசே காலாண்டுத் தொகை கொடுக்கும் வெள்ளி ஆதரவுத் திட்டம் 2016இல்தான் வந்தது.

தென் கொரியா இதே பாதையில் போய் அடிபட்டுத் திரும்பியது. தேசிய ஓய்வூதியம் 1988இல் தொடங்கியதால், அப்போதே நடுத்தர வயதைக் கடந்தவர்கள் போதுமான ஆண்டுகள் சந்தா கட்டியிருக்கவில்லை. 2000இல் வந்த அடிப்படை வாழ்வாதாரச் சட்டத்தில், சம்பாதிக்கும் பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு உதவி கிடையாது என்று ஒரு விதி. பிள்ளை உண்மையில் கொடுக்கிறானா என்பதை விட, கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறான் என்று காகிதத்தில் தெரிந்ததே பல மனுக்களைத் தடுத்தது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் உறுப்பு நாடுகளில் முதியோர் வறுமை மிக அதிகமாக இருப்பது தென் கொரியாவில்தான், ஏறக்குறைய 40 சதவீதம். கன்பூசியப் பெருமையில் எந்த நாட்டுக்கும் குறையாத நாடு இது. 2021 அக்டோபரில் வாழ்க்கைச் செலவு உதவிக்கு அந்த விதியைப் பெரும்பாலும் நீக்கினார்கள். பிள்ளையின் ஆண்டு வருமானம் 10 கோடி வொன்னைத் தாண்டினாலோ மிகப் பெரிய சொத்து இருந்தாலோ மட்டும் மறுப்பு என்று அன்று வைத்தார்கள். ஜெர்மனி 2020இல் போட்ட கோடும் கொரியா 2021இல் போட்ட கோடும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2000 ஏப்ரலில் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். சேவைக்கு 10 சதவீதம் கையிலிருந்து, வருமானம் கூடியவர்களுக்கு 20 அல்லது 30. திட்டம் வடிவமைக்கும்போது நடந்த பெரிய சண்டை, வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்குப் பணம் கொடுப்பதா என்பது. ஆளுங்கட்சியின் கொள்கைத் தலைவராக இருந்த காமெய் ஷிசுகா, பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் அழகிய மரபை இந்தத் திட்டம் கெடுத்துவிடும் என்று 1999இல் எதிர்த்தார்; குடும்பத்துக்குப் பணமாகக் கொடுக்கச் சொன்னார். பெண்கள் அமைப்புகள் அதை மறுத்தன. பணம் வீட்டுக்கு வந்தால் மாமியாரின் படுக்கை அருகே மருமகளைக் கட்டிப்போடவே அது பயன்படும், எங்களுக்கு வேண்டியது வீட்டுக்கு வரும் பணியாளரும் பகல் நேர மையமும் என்றார்கள். பெரும்பாலும் அவர்கள் பக்கமே வென்றது. ஜெர்மனியோ பராமரிப்புக் காப்பீட்டில், குடும்பம் வீட்டில் பார்த்துக்கொள்வதற்குப் பணம் கொடுக்கிறது. 2025 கணக்கில் தேவையின் தரத்தைப் பொறுத்து மாதம் 347 முதல் 990 யூரோ வரை. மகளும் மருமகளும் வீட்டில் வைத்துப் பார்க்கப் பணம் கொடுப்பது மேற்கு, கொடுக்க மறுத்துச் சேவையை அனுப்புவது கிழக்கு.

விழுமியக் கருத்துக்கணிப்புகளைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017இல் தொடங்கிய உலக விழுமியக் கருத்தாய்வுச் சுற்றில், பெற்றோருக்கு நீண்டகாலப் பராமரிப்பு தருவது வளர்ந்த பிள்ளைகளின் கடமையா என்று ஒரு கேள்வி உண்டு. வீட்டுக்கு வரும் செவிலியரை அரசு அனுப்பும் ஊரில் 'ஆம்' என்றால், அம்மாவுக்காக அலைவேன், கூட இருப்பேன் என்று பொருள். அனுப்பாத ஊரில் அதே 'ஆம்' வேலையை விட்டு மலம் அள்ளுவது வரை போகும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து, இந்தச் சமூகம் குடும்பப் பற்று மிக்கது, அந்தச் சமூகம் தனிமனிதவாதி என்று முடிவெடுப்பது பிழை. நாட்டின் ஓய்வூதியத் தொகையையும் பராமரிப்புச் சேவையையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

இந்தியாவில் நாம் எந்த வரிசையை வைத்திருக்கிறோம்? மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500. அந்த 200 என்ற எண் 2007இலிருந்து மாறவில்லை. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. 2023இல் 1,000 ரூபாயை 1,200 ஆக்கியது. இந்தத் தொகையில் ஒருவர் மருந்து வாங்கி, வாடகை கட்டி, சாப்பிட முடியாது. அதே 2007இல்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. முதல் பொறுப்பு பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டு, அரசு தன் பங்கை 200இல் நிறுத்திக்கொண்டது. இதைப் பண்பாட்டுப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் இருக்கும் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தெரியாமல் இழப்பவர்கள் அதிகம்.

மனு கொடுக்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். பெற்றோரால் முடியாவிட்டால் அவர்கள் அதிகாரம் அளித்த வேறொருவரோ தொண்டு அமைப்போ கொடுக்கலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி எல்லோர் மீதும் போடலாம். பிள்ளை இல்லாத மூத்த குடிமகன், தன் சொத்தை அனுபவிக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற உறவினர் மீது போடலாம். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தனிக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். இடைக்காலத் தொகை கேட்க வழி உண்டு. மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது, இல்லையென்றால் தீர்ப்பு வரும்வரை கைச்செலவுக்கு ஒன்றும் இருக்காது. உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். இதை நீக்கவும் மருமகள், மருமகனைச் சேர்க்கவும் 2019இல் வந்த மசோதா நிறைவேறவில்லை.

மனு இழுபடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். அம்மா ஒரு மகன் மீது மட்டும் மனுப் போடுவார். அந்த மகன் தன் தம்பியையும் அக்காவையும் வழக்கில் சேர்க்கச் சொல்வார், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆகவே தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டால் வாய்தாக்கள் குறையும். திருமணமான மகளுக்குப் பொறுப்பு இல்லை என்று நினைப்பதும் தவறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வழக்கிலேயே 1987இல் உச்ச நீதிமன்றம் மகளுக்கும் கடமை உண்டு என்று சொல்லிவிட்டது. இரண்டாவது, பிள்ளையின் வருமானத்துக்குச் சான்று இல்லாமல் போவது. எங்கே வேலை, என்ன பதவி, எந்த வீட்டில் வாடகை வருகிறது என்று தெரிந்தவரை எழுதிக் கொடுக்க வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் பணம் வராவிட்டால், தவணை தவறிய 3 மாதத்துக்குள் மீண்டும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாமதித்தால் அந்த மாதத் தொகைக்கு வாரண்ட் போட முடியாது.

எல்லாவற்றையும் விட அதிக இழப்பு செட்டில்மென்ட் பத்திரத்தில் நடக்கிறது. வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சோறு கிடைக்காமல் நிற்கிறவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் எழுதப் பார்க்கிறார்கள். கைமாறிவிட்ட சொத்தை ஒருதலையாக அப்படி ரத்து செய்ய முடியாது. வழி 23ஆம் பிரிவில் இருக்கிறது: அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அந்த வழக்கிலும் கையில் எழுதப்பட்ட காகிதம் இருந்தது. ஆகவே பத்திரம் எழுதும்போதே அதற்குள் ஒரு பத்தி வேண்டும்: எழுதிக் கொடுப்பவர் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, உணவு, உடை, மருத்துவம் பெறுபவர் பொறுப்பு, மாதம் இவ்வளவு தொகை, தவறினால் 23ஆம் பிரிவின்படி பத்திரம் ரத்தாகும். பத்திர எழுத்தர் "அதெல்லாம் வழக்கமில்லை" என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாம். கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருந்தால் இருவர் பெயரையும் அந்தப் பத்தியில் எழுதுங்கள். அப்பாவின் காலத்துக்குப் பிறகு அம்மாவுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

கணவனை இழந்த அல்லது பிரிந்த மருமகளை வெளியேற்ற இந்தச் சட்டத்தைக் கருவியாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையை இது அடித்துவிடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பாயத்தின் உத்தரவில் குறை இருந்தால் பெற்றோரோ மூத்த குடிமக்களோ 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு எழுதும் முன் விவரம் கேட்க மாவட்டச் சமூக நல அலுவலகம் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567.